கடைவாய்ப்பல்லைப் பிடுங்கலாமா, காப்பாத்தலாமா?

14 ஜூன் 2024, மாலை 6.10. பம்பாய் ஆன்டாப் ஹில் வாசகர் கேட்டது

வயசு 31. கீழ் வலது கடைவாய்ப்பல் ஒரு மாசமா வலி. டாக்டர் ரெண்டு வழி சொன்னார். ரூட் கேனால் (பல்லுக்குள்ள நரம்பை எடுத்து அடைக்கிறது) பண்ணி கேப் (பல்லு மேல மாட்டுற உறை) போடலாம், இல்லன்னா பிடுங்கிட்டு இம்பிளான்ட் (எலும்புல திருகி நடுற செயற்கைப் பல்லு) போடலாம். "ரூட் கேனால் பண்ணின பல்லு செத்த பல்லு, என்னைக்கு இருந்தாலும் போயிரும். இம்பிளான்ட்னா ஆயுசுக்கும் கவலையில்ல"ன்னார். அலைச்சல் மிச்சம்னு பிடுங்கிடலாம்னு இருக்கேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

14 ஜூன், இரவு 10.45

பிடுங்காதீங்க தம்பி. நான் சயான்ல இருக்கேன், வயசு 48. கீழ் இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் இல்லாம ஆறு வருஷம் ஓட்டிட்டேன். அதான் உங்க பதிவைப் படிச்சதும் கை சும்மா இருக்கல.

என் கதை இது. 2016ல அந்தப் பல்லுக்கு ரூட் கேனால் பண்ணினேன். 5,500 ரூபாய். முடிஞ்சதும் டாக்டர் கேப் போட வரச் சொன்னாங்க, இன்னொரு 6,000. அது ஜூன் மாசம், பிள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுற நேரம். வலி போயிருச்சு, மேல அடைச்சிருந்த சிமெண்ட் கெட்டியா இருந்துச்சு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளி ரெண்டு வருஷம் போயிருச்சு. 2018 தீபாவளிக்கு ஊர்ல இருந்து சித்தி முந்திரிக்கொத்து கொடுத்து விட்டிருந்தாங்க. கடிச்சதும் டக்குனு ஒரு சத்தம். வலியே இல்ல. நாக்கால தடவினா பல்லு ரெண்டா ஆடுது. ரெண்டு வேருக்கும் நடுவுல பிளந்திருச்சு. அதுக்கு மேல காப்பாத்த வழியில்லன்னு பிடுங்கிட்டாங்க.

ரூட் கேனால் என்னை ஏமாத்தல. கேப் போடாம விட்டதுதான் பல்லைக் கொண்டுபோச்சு. 2002ல அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழக ஆட்கள் பழைய நோயாளிகளோட பதிவுகளைப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டாங்க. ரூட் கேனால் ஆன பற்கள்ல, கேப் போடாதது கேப் போட்டதைவிட 6 மடங்கு வேகத்துல விழுந்திருக்கு. நான் கேப்பைத் தள்ளிப்போட்டதுக்குப் பதினாலு வருஷம் முன்னாடியே வந்த கணக்கு.

15 ஜூன், காலை 7.20

ராத்திரி ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். "செத்த பல்லு"ங்கிற பேச்சு எனக்குப் பிடிக்கல.

பல்லுக்கு நடுவுல இருக்கிற நரம்பும் ரத்தக்குழாயும்தான் ரூட் கேனால்ல போகுது. ஆனா வேரைச் சுத்தி, பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு மெல்லிசான நார்ப்படலம் இருக்கு. அது உயிரோடதான் இருக்கும். சோத்துல ஒரு பொடிக்கல் கிடந்தா, கடிச்ச கணமே வாய் நின்னுருதுல்ல? அதைச் சொல்றதுல பெரிய பங்கு அந்த நாருக்கு. ரூட் கேனால் பண்ணின பல்லுலயும் அந்த உணர்வு இருக்கும். இம்பிளான்ட்ல அந்த நார் கிடையாது. டைட்டானியம் திருகாணி நேரா எலும்புல ஒட்டிக்கும். நல்லா மெல்லலாம், ஆனா கல்லு கடிபட்டது கொஞ்சம் மந்தமாத்தான் தெரியும்.

15 ஜூன், மதியம்

"அக்கா, அப்ப இம்பிளான்ட் மோசமா?"ன்னு கேக்கறீங்க. இல்ல தம்பி, பல்லே இல்லாதவங்களுக்கு அது பெரிய வரம். ஸ்வீடன்ல பிரானெமார்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1952ல முயல் கால் எலும்புக்குள்ள டைட்டானியத்துல செஞ்ச சின்னக் கருவியை வச்சு ரத்த ஓட்டத்தை ஆராய்ஞ்சிட்டிருந்தார். வேலை முடிஞ்சு எடுக்கப் போனா வரல, எலும்பு அதைப் பிடிச்சுக்கிச்சு. அங்க இருந்துதான் இது தொடங்குச்சு. 1965ல முதல் ஆளுக்குப் போட்டாங்க. அவர் 2006ல காலமானார். அதுவரைக்கும், நாப்பது வருஷத்துக்கு மேல, அது அவர் வாயில வேலை செஞ்சுது.

அதனால "ஆயுசுக்கும்"ங்கிறது முழுப் பொய்யில்ல. ஆனா "கவலையில்ல"ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். டைட்டானியத்துல சொத்தை விழாது, சரி. சுத்தி இருக்கிற ஈறும் எலும்பும் நம்மளோடதுதானே. அழுக்கு சேர்ந்தா அங்கயும் சீழ் பிடிச்சு எலும்பு கரையும். பீடி சிகரெட் பழக்கம், கட்டுக்குள்ள இல்லாத சர்க்கரை, ரெண்டும் அதுக்கு எமன்.

18 ஜூன், இரவு

நேத்து ஒருத்தர், "எனக்கும் வலிக்குது, ரூட் கேனால் வேணுமா?"ன்னு மட்டும் எழுதியிருந்தார். வலின்னா என்ன வலி?

பம்பாய்ல இது பெரிய சங்கடம். டாக்டர் ஹிந்தியிலயோ மராத்தியிலயோ கேப்பாங்க. எங்க அம்மாவுக்கு இங்க நாப்பது வருஷம் ஆகியும் ஹிந்தி கடைக்கணக்கு அளவுக்குத்தான் வரும். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் "தர்த் ஹை"ன்னு ரெண்டே சொல்லு. நம்ம பாஷையில அதுக்கு எத்தனை வார்த்தை இருக்கு! கூசுது. குத்துது. குடையுது. விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. கடிச்சா மட்டும் சுரீர்ங்குது. டாக்டருக்கு வேண்டியதே இந்த வித்தியாசம்தான்.

ஐஸ் தண்ணி பட்டதும் கூசி, தண்ணி இறங்கினதும் கூச்சமும் போயிட்டா பெரும்பாலும் நரம்பு இன்னும் நல்லா இருக்கும். அடைச்சாலே போதும்னு ஆகலாம். தண்ணி போயும் வலி நிமிஷக்கணக்குல நின்னு குடைஞ்சா, ராத்திரி படுத்ததும் தெறிச்சா, சூடு பட்டா துடிச்சா, நரம்பு மீள முடியாத அளவுக்கு வீங்கிருச்சுன்னு அர்த்தம். அங்கதான் ரூட் கேனால் வருது. ஒரு குறிப்பிட்ட இடத்துல கடிச்சு விடும்போது மட்டும் சுரீர்னா விரிசலான்னு பார்க்கணும். திடீர்னு வலி நின்னுட்டா சந்தோஷப்பட வேண்டாம். நரம்பு செத்து, சீழ் கீழ இறங்க ஆரம்பிச்சிருக்கலாம்.

கூட ஹிந்தி தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போங்க. "டண்டா லக்தா ஹை" (குளிர்ச்சி பட்டா கூசுது)ன்னு மட்டும் சொல்லாம, எத்தனை நேரம் நிக்குதுன்னும் சொல்லுங்க.

23 ஜூன்

ரெண்டு திருத்தம்.

ஒண்ணு, வேற ஒரு பதிவுல "நரம்பு போனா பல்லு காஞ்ச விறகு மாதிரி ஆகி ஒடியும்"னு எழுதியிருந்தேன். அது தப்பு. என் மருமக பல் டாக்டருக்குப் படிக்கிறா, படிச்சிட்டு ஃபோன் பண்ணினா. நரம்பு போன பல்லுல ஈரம் பெரிசா குறையறதில்லையாம். சொத்தை தின்னது போக, உள்ள போறதுக்கு மேல குடைஞ்ச வழியும் சேர்ந்து சுவர் மெலிஞ்சு போகுது. அதனாலதான் ஒடியுது. கேப் அந்தச் சுவரை வெளிப்பக்கமா இறுக்கிப் பிடிக்குது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவாங்களே, அந்த வேலை.

ரெண்டாவது, முதல் நாள் எடுத்ததும் "பிடுங்காதீங்க"ன்னு சொன்னது. பட்டை பிடிக்கவும் கட்டை வேணும். ஈறுக்கு மேல சுத்திலும் ஒண்ணரை, ரெண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் நிக்கணும், அப்பதான் கேப் நிலைக்கும்னு சொன்னா. அது இல்லாத பல்லுக்கு ரூட் கேனால், வேருக்குள்ள நடுற கம்பி, கேப்னு கொட்டினாலும் காசு போகும், பல்லும் போகும். தம்பி, டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க: "சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு எவ்வளவு சுவர் மிஞ்சும்?"

24 ஜூன்

அடைக்கிறதைப் பத்திக் கேட்டவங்களுக்குச் சுருக்கமா. எங்க அப்பாவுக்கு சில்வர் அடைச்சது முப்பது வருஷம் இருந்துச்சு. அதுல எடையில பாதி பாதரசம். 2013ல வந்த மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்க அதைக் குறைச்சிட்டு வர்றாங்க. இப்ப பல் நிறத்துல காம்போசிட்ங்கிற பிசினை வச்சு நீல விளக்கு அடிச்சு இறுக்கறாங்க. அடைக்கும்போது எச்சில் பட்டா காம்போசிட் ஒட்டாது. அதனால பஞ்சு வச்சு வாயைத் திறந்தே வைக்கச் சொன்னா சலிச்சுக்காதீங்க. பழைய சில்வர் நல்லா இருந்தா பயந்துபோய் அதை நோண்டி எடுக்கவும் வேண்டாம்.

2 ஜூலை, மழை, டிரெயின் எல்லாம் லேட்டு

ஆபீஸ் ஃபோர்ட் ஏரியாவுல. லோக்கலுக்கு நின்னுட்டே எழுதறேன். ரூட் கேனால்ல நரம்பை எடுத்த பிறகு உள்ள என்ன அடைக்கிறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இளஞ்சிவப்புல குச்சி குச்சியா இருக்கும், கட்டா பெர்ச்சான்னு பேரு. மலாய் நாட்டுப் பக்கம் வளர்ற ஒரு மரத்தோட பால். சூடு காட்டினா இளகும், ஆறினா இறுகும், தண்ணியில கெடாது. அந்தக் குணத்துக்காகவே அந்தக் காலத்துல கடலுக்கடியில போற தந்திக் கம்பிகளுக்கு இதைத்தான் சுத்தினாங்க. 1870ல கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பம்பாயில இருந்து ஏடன் வரைக்கும் இறக்கின கேபிளுக்கும் இதே உறைதான். இந்த ஊரை லண்டனோட இணைச்ச கம்பியைச் சுத்தின பால், என் பல்லு வேருக்குள்ளயும் ரெண்டு வருஷம் இருந்திருக்கு. இதை மருமக சொன்னதுல இருந்து கடல் பக்கம் போனாலே ஞாபகம் வருது.

9 ஜூலை

ஆன்டாப் ஹில் தம்பி தகவல் போட்டிருக்கார். நாயர் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போயிருக்கார், மும்பை சென்ட்ரல் பக்கம். பல்லைச் சுத்தி மெல்லிய அளவுக்கம்பி விட்டுப் பார்த்தாங்களாம். எல்லா இடத்துலயும் ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் போச்சு, ஒரே ஒரு இடத்துல மட்டும் சர்ருனு ஒன்பது இறங்குச்சாம். அடைச்சிருந்ததை எடுத்துச் சாயம் தடவிப் பார்த்தா வேர் வரைக்கும் விரிசல். பிடுங்கிட்டாங்க.

அப்ப நான் அன்னைக்கு அடிச்சுச் சொன்னது இவர் விஷயத்துல தப்பு. முதல் டாக்டர் சொன்ன காரணம் தப்பா இருந்தாலும், கடைசியில அந்தப் பல்லுக்கு வேற வழியில்லாமத்தான் போயிருக்கு. என் பல்லு பிளந்த ஆத்திரத்துல இவர் பல்லைப் பார்க்காமலே தீர்ப்பு சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க தம்பி.

ஒண்ணே ஒண்ணு, இடத்தைக் காலியா விட்டுராதீங்க. புண் ஆறினதும் அடுத்தது என்னன்னு தேதி குறிச்சிருங்க. நான் விட்டேன். பின்னாடி இருந்த பல்லு காலி இடத்துப் பக்கம் சாஞ்சிருச்சு. மேல இருந்த பல்லுக்கு முட்டுக்குடுக்க ஆள் இல்லாம கீழ இறங்கிருச்சு. சாப்பாடு எல்லாம் அந்தச் சந்துலதான் போய் அடையும். அதெல்லாம் வலிக்காம நடக்கும், அதுதான் பயம்.

10 ஜூலை

"பிளாட்பாரத்துல ஐநூறு ரூபாய்க்கு உடனே பல்லு கட்டித் தர்றாங்களே?" வேண்டவே வேண்டாம். எங்க பெரியப்பா கட்டினார். கம்பியைப் பக்கத்துப் பல்லுல சுத்தி, பிளாஸ்டிக் மாவைக் குழைச்சு அப்படியே ஒட்டி விட்டுட்டாங்க. கழட்ட முடியாது, கழுவ முடியாது. ஒரு பல்லுக்குக் கட்டப்போய் ரெண்டு பக்கமும் நல்லா இருந்த நாலு பல்லு ஆடி விழுந்துச்சு. காசு இல்லைங்கிறது எனக்கும் தெரியும். சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கத்துல செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரி வளாகத்துலயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. காலையில சீக்கிரம் போய் கேஸ் பேப்பர் (ஓ.பி. சீட்டு) எடுக்கணும், பல நடை நடக்கணும். படிக்கிற பிள்ளைங்க செய்வாங்க, ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்ப்பார். நேரம் இருந்தா அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

4 ஆகஸ்ட், ராத்திரி 9

அவசரமா எழுதறேன், எல்லாரும் படிங்க. சாயந்திரம் எங்க பில்டிங் காம்பவுண்டுல பத்து வயசுப் பையன் ஒருத்தன் கிரிக்கெட் ஆடும்போது விழுந்து, முன்பல்லு வேரோட வெளிய வந்திருச்சு. அவங்க அம்மா பல்லைத் துணியில துடைச்சுக் காகிதத்துல மடிக்கப் போனாங்க. நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

வேர்ப்பக்கம் தொடக்கூடாது, வெள்ளைப்பக்கம் பிடிக்கணும். தேய்க்கக்கூடாது. மண்ணு இருந்தா பால்லயோ தண்ணியிலயோ ஒரு அலசு, அவ்வளவுதான். முடிஞ்சா அங்கயே குழியில திரும்ப வச்சு ஒரு துணியைக் கடிச்சுக்கச் சொல்லலாம். பயமா இருந்தா ஒரு டம்ளர் பால்ல போட்டு ஓடுங்க. வெறும் தண்ணியில ஊற வைக்காதீங்க, காய விடாதீங்க. வேர்மேல ஒட்டியிருக்கிற அந்த நாரோட உயிரைத்தான் காப்பாத்தறோம், அது காஞ்சா சாகும். அரை மணிக்குள்ள போயிட்டா நல்ல வாய்ப்பு, ஒரு மணி தாண்டினா குறைஞ்சுக்கிட்டே போகும். பால்பல்லுன்னா திரும்ப வைக்கக் கூடாது, கீழ வளர்ற பல்லுக்குக் கெடுதல்.

இருபத்தஞ்சு நிமிஷத்துல டாக்டர் நாற்காலியில உக்கார வச்சிட்டோம். பக்கத்துப் பல்லோட சேர்த்து மெல்லிய கம்பி கட்டியிருக்காங்க, ரெண்டு வாரத்துக்கு. பின்னாடி ரூட் கேனால் தேவைப்படுமாம். பையன் தூங்கறான்.

22 செப்டம்பர்

என் பல்லுக்கு வர்றேன். ஒருத்தர் "அடுத்தவங்களுக்குச் சொல்றீங்களே, நீங்க எப்ப போடப்போறீங்க?"ன்னு கேட்டார். சரியான கேள்வி, போயிட்டேன்.

பிரிட்ஜ், அதாவது ரெண்டு பக்கத்துப் பல்லையும் பிடிச்சு நடுவுல பல்லு நிக்க வைக்கிறது, எனக்குப் பிடிக்காது. ஒரு பல்லுக்காகப் பக்கத்துல இருக்கிற ரெண்டு நல்ல பல்லைச் சுத்திச் செதுக்கணுமேன்னு எப்பவும் வாதாடுவேன். இம்பிளான்ட்டுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "நல்ல பல்லுன்னு எதைச் சொல்றீங்க?"ன்னார். முன்னால இருக்கிறது ஏற்கனவே ரூட் கேனால் பண்ணி கேப் போட்டது, கேப் ஓரம் விட்டுப்போச்சு, எப்படியும் மாத்தணும். பின்னால இருக்கிறது பாதி சிமெண்ட், சாஞ்சு வேற இருக்கு, அதுக்கும் கேப் வேணும். ரெண்டு கேப் போடப்போறோம்னா, நடுவுல ஒரு பல்லைச் சேர்த்து மூணா வார்த்துட்டாப் போச்சு. அறுவை இல்ல, மூணு மாசம் எலும்பு பிடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

ரெண்டு நாள் யோசிச்சேன். அவர் சொல்றதுதான் சரி. ரெண்டு பக்கமும் தொடாத பல்லு இருக்கிற உங்களுக்கு, தம்பி, இம்பிளான்ட்தான் நியாயம். எனக்கு பிரிட்ஜ்.

13 அக்டோபர்

பிரிட்ஜ் போட்டாச்சு. ஜிர்கோனியா, பீங்கான் மாதிரி வெள்ளையா இருக்கிற கெட்டிப் பொருள். கீழ இறங்கியிருந்த மேல்பல்லைக் கொஞ்சம் தேய்ச்சு மட்டமாக்கினாங்க. நிறத்துக்கு ஒரு பல் அட்டையைப் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க, என்னுது ஏ3. ஜன்னல் பக்கம் போய்ப் பார்க்கலாமான்னு கேட்டேன், டாக்டரே எழுந்து கூட்டிட்டுப் போனார். டியூப்லைட்ல ஒரு நிறம், பகல்ல ஒரு நிறம் தெரியும். பாலத்துக்கு அடியில நடுப்பல்லுக்குக் கீழ நூல் விட்டுத் தினம் சுத்தம் பண்ணணும். பிரஷ் அங்க போகாது. அதுக்குன்னு ஒரு முனை விறைப்பா இருக்கிற நூல் விக்குது.

ஆறு வருஷத்துக்கு அப்புறம் இடது பக்கம் மென்னேன். முதல்ல சாப்பிட்டது கொத்தவரங்காய் பொரியல்.

17 நவம்பர்

அம்மாவைப் பத்தி எழுதாம இருந்தேன். அவங்களுக்கு 72. மேலயும் கீழயும் ஒரு பல்லும் இல்ல. கடைசி மூணும் போன மார்ச்ல போச்சு. பல்லு போனா சொல்லு போச்சுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. அம்மா பேசறதையே குறைச்சிட்டாங்க. ஃபோன்ல ஊர்க்காரங்ககிட்டப் பேசினா அவங்க "என்ன, என்ன?"ன்னு கேக்கறாங்கன்னு வெக்கம். சொந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. பக்கத்துல இருக்கிற கோயில் ஊர் பேரை அவங்களால சொல்ல முடியல. வ சொல்ல மேல்பல்லு கீழுதட்டுக்கிட்ட வரணும். ச காத்தா சீறி வரணும்னா காத்து முன்பல்லுல போய் மோதணும். ரெண்டும் இல்ல.

பல் செட்டு செய்யக் கொடுத்திருக்கோம், அரசு கல்லூரியில. அளவெடுக்க, மெழுகுல கடி பார்க்க, வச்சுப் பார்க்க, கையில வாங்கன்னு நாலு நடை, அதுக்குப் பிறகு உறுத்தற இடத்தைத் தேய்க்க ரெண்டு நடை. கீழ்செட்டு ஆடும்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. மேல்செட்டு அண்ணத்தைப் பிடிச்சு ஒட்டிக்கும். கீழ நாக்கு தள்ளும், எலும்பும் தேஞ்சு போச்சு. கீழ்த்தாடையில ரெண்டு இம்பிளான்ட் போட்டு அதுல பட்டன் மாதிரி செட்டை மாட்டறதைத்தான் 2002லயே மெக்கில் பல்கலைக்கழகத்துல கூடின நிபுணர்கள் முதல் வழியா வைக்கணும்னு சொன்னாங்க. நான் கடன் வாங்கியாவது போடறேன்னேன். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, "முதல்ல இதைப் போட்டுப் பார்ப்போம்டி, ஆடினா பார்த்துக்கலாம்"னாங்க. வற்புறுத்தணுமா, விட்டுரணுமான்னு இன்னும் தெரியல. சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்க, அதை நாமா நிறுத்தக்கூடாது, இதய டாக்டரைக் கேக்கணும்.

28 நவம்பர்

இன்னைக்கு மெழுகுல பல்லை நட்டு வாயில வச்சுப் பார்க்கற நாள். படிக்கிற பொண்ணு, மராத்திக்காரப் பிள்ளை, ரொம்பப் பொறுமை. "ஆஜி (பாட்டி), ஸாட்ல (அறுபதுல) இருந்து ஸத்தர் (எழுபது) வரைக்கும் எண்ணுங்க"ன்னா. பல்லு சரியான இடத்துல இருந்தாத்தான் அந்த ஸ சரியா வரும், அதுக்கு வைக்கிற பரீட்சை. அம்மா "அறுபது, அறுபத்தொண்ணு"ன்னு எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. அதுல ஒரு ஸ கூட இல்ல. அந்தப் பொண்ணு என்னைப் பார்க்கறா.

நான் அம்மாகிட்ட, "உங்க கோயில் பேரைச் சொல்லுங்கம்மா"ன்னேன். கண்ணை மூடிக்கிட்டாங்க. "சிவசைலம்." இன்னொரு தடவை, "சிவசைலம்." முதல்ல சொன்னப்ப ச கொஞ்சம் விசில் அடிச்சுது. அந்தப் பொண்ணு முன்பல்லு ஒண்ணைச் சூடான கத்தியால இளக்கி இம்மி நகர்த்தினா. மறுபடி வச்சதும் சுத்தமா வந்துச்சு.

அந்தப் பொண்ணு கேஸ் பேப்பர் ஓரத்துல தேவநாகரியில அந்தச் சொல்லை எழுதி வச்சுக்கிட்டா, அடுத்து வர்ற தமிழ் ஆஜிகளுக்காம். அம்மா நாற்காலியை விட்டு இறங்கவே இல்ல, ஊர்ப்பக்கம் இருக்கிற ஊர் பேரெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லிட்டே இருந்தாங்க.

20 டிசம்பர்

செட்டு வந்திருச்சு. ராத்திரி கழட்டிப் பச்சைத்தண்ணியில போடணும், வெந்நீர்ல போட்டா வளைஞ்சிரும். ஈறுக்கு ராத்திரியில ஓய்வு வேணும். கீழ்செட்டு சொன்ன மாதிரியே கொஞ்சம் ஆடுது, திங்கக்கிழமை தேய்க்கப் போறோம். அம்மா இப்ப ஃபோன்ல இருக்காங்க, சித்திகூட. ஒரு மணி நேரமாச்சு.